கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி

நீருக்கடியில் படமெடுப்பவர்களுக்கான கேள்வி-பதில் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஹவுசிங்குக்கு (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) வெளியே மாட்டும் வைட் லென்ஸ். எதை வாங்குவது, எப்படி மாட்டுவது, மாட்டியதைத் தொலைக்காமல் மேலே கொண்டுவருவது எப்படி என்றே கேட்டிருக்கிறீர்கள். அதனால் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும் படம்), வீடியோ லைட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நான் ஹவுசிங் பழுதுபார்ப்பவள். பதில்களில் லென்ஸைவிட மரையும் வளையமும்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் சின்னக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ். தரையில் குரூப் போட்டோவுக்கே தாராளமாகப் போதும். தண்ணீருக்குள் போனால் பாதிப் பேர் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறார்கள். கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒன்றுமில்லை. ஹவுசிங்கின் முன்னால் இருக்கிறதே தட்டையான கண்ணாடி, அதுதான் காரணம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. தண்ணீரிலிருந்து தட்டைக் கண்ணாடி வழியாக ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்றுக்கு வரும் ஒளி வெளிப்பக்கமாக விலகுகிறது. அதனால் நாலு மீட்டர் தள்ளி இருப்பவர் மூன்று மீட்டரில் இருப்பதுபோலத் தெரிவார். பார்வைக் கோணமும் சுருங்கிவிடும். 24 மி.மீ. லென்ஸ் தரையில் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும். தண்ணீரில் 60 டிகிரிதான் மிஞ்சும். 28 மி.மீ. என்றால் 75 டிகிரி 55 ஆகிவிடும். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு அகலமான லென்ஸை வைத்தாலும் 97 டிகிரியைத் தாண்ட முடியாது. அந்த எல்லையை நெருங்குவதற்கு வெகு முன்பே ஓரங்களில் நிறம் பிரிந்து, உருவம் இழுபட்டு, படம் பார்க்கச் சகிக்காது.

வெளியே மாட்டும் லென்ஸ் (நாங்கள் வெட் லென்ஸ் என்போம்) இழந்த கோணத்தைத் திருப்பித் தருகிறது, அதற்கு மேலும் கொடுக்கிறது. ஆனால் நிறையப் பேரை ஃபிரேமுக்குள் அடைக்கத்தான் இது என்று நினைத்தால் பாதி உபயோகத்தை விட்டுவிடுவீர்கள். உண்மையான லாபம், கிட்டே போகலாம் என்பது. துடுப்போடு நீட்டிப் படுத்திருக்கும் ஒரு டைவரைச் சுமார் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவரை ஃபிரேமில் மூலைக்கு மூலை நிரப்ப, 60 டிகிரி லென்ஸோடு நீங்கள் ஒன்றே முக்கால் மீட்டர் பின்வாங்க வேண்டும். 100 டிகிரி என்றால் 85 சென்டிமீட்டர் போதும். 130 டிகிரியில் அரை மீட்டருக்குள் வந்துவிடலாம். நடுவில் தண்ணீர் குறையக் குறைய கலங்கல் குறையும், நீலப் படலம் குறையும், சிவப்பு நிறம் பிழைக்கும். வைட் லென்ஸ் வாங்கிவிட்டு அதே பழைய தூரத்தில் நின்று படமெடுப்பவர்கள், எல்லாம் எறும்பு மாதிரி தெரிகிறது என்று எனக்கு எழுதுவார்கள். இந்த மாதமும் இரண்டு கடிதம் வந்திருக்கிறது. இதுதான் அவர்களுக்கும் பதில்.

இந்த லென்ஸ்களை எல்லாம் வெளியே மாட்டுவானேன்? ஹவுசிங்குக்குள்ளேயே நல்ல அகல லென்ஸை வைத்து, முன்னால் பெரிய டோம் (அரைக்கோள முன்முகம்) போட்டால் முடிந்ததே!

லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் தாராளமாகச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் உள்ளே எதைப் பூட்டினீர்களோ, மேலே ஏறும் வரை அதுதான். 1963-ல் ஹவுசிங் இல்லாமலே தண்ணீருக்குள் போகும் நிக்கோனோஸ் கேமரா வந்தபோது அதோடு இருந்தது 35 மி.மீ. லென்ஸ். தண்ணீரில் அதன் கோணம் குறுகல். 1972-ல் நிக்கான் தண்ணீருக்கென்றே 15 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் செய்தது. அதற்கு 94 டிகிரி. அற்புதமான லென்ஸ், இன்றும் அதன் கூர்மையைச் சொல்லிப் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. ஆனால் அதைக் கழற்றினால் கேமராவே திறந்துவிடும். அதனால் கீழே போகுமுன்பே எந்த லென்ஸ் என்று முடிவு கட்டியாக வேண்டும். கடல்குதிரையா, திமிங்கலச் சுறாவா? எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

வெட் லென்ஸ் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கடலுக்கடியிலேயே கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது மாட்டலாம். இதே வசதிதான் அது காணாமல் போவதற்கும் வழி. அதற்குக் கீழே வருகிறேன்.

என் ஆக்‌ஷன் கேமராவே ரொம்ப அகலம். அதற்கும் வெட் லென்ஸ் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. கோப்ரோவின் ஆரம்பகால ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் வளைந்த கண்ணாடி இருந்தது. தரையில் சரி, தண்ணீரில் எல்லாம் மங்கலாகிவிடும். பிறகு தட்டைக் கண்ணாடி போட்டுச் சரிசெய்தார்கள். கூர்மை வந்தது, கோணம் கொஞ்சம் போனது. அந்தக் கோணம் திரும்ப வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த லென்ஸ் மட்டும் வாங்குங்கள். இந்தக் கேமராக்களில் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிற்பது, வேறு மாடலுக்கான லென்ஸோடு ஒத்துப்போகாது.

100 டிகிரி, 130 டிகிரி, 165 டிகிரி என்று மூன்று விதம் பார்த்தேன். 165-தான் பெரியது, அதையே வாங்கிவிடவா?

அவசரப்படாதீர்கள். 165 டிகிரி என்பது மீன்கண். உங்களுக்கு முன்னால் இருக்கும் அரை உலகமும் அதில் விழும். உங்கள் துடுப்பு நுனி, ஸ்ட்ரோப் (வெளியே பொருத்தும் ஃபிளாஷ்) கை, பக்கத்தில் வருபவரின் குமிழி எல்லாம் சேர்ந்து விழும். நேர்கோடு எல்லாம் வில்லாகிவிடும். பவளப் பாறைக்கும் பெரிய மீன் கூட்டத்துக்கும் அது அழகு. மூழ்கிய கப்பலின் பாய்மரம் வளைவதும் ஆட்கள் முகம் ஓரத்தில் இழுபடுவதும் எனக்குப் பிடிக்காது.

என் கணக்கில் முதல் லென்ஸுக்கு 100 டிகிரி போதும். இலேசாக இருக்கும், கையில் அடங்கும், பிளாஸ்டிக் ஹவுசிங் தாங்கும். ஐனான் நிறுவனத்தின் யூ.டபிள்யூ.எல்-எச்100 இந்த ரகம். அதற்குத் தனியாக ஒரு டோம் சேர்த்தால் கோணம் 140-ஐத் தாண்டிவிடும், அதனால் பின்னாளில் ஆசை வந்தாலும் வழி இருக்கிறது. 130 டிகிரி ரகத்தில் நாட்டிகாமின் டபிள்யூ.டபிள்யூ.எல்-1 பேர் பெற்றது. ஓரங்கள்கூடக் கூர்மையாக வரும், ஜூம் செய்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் தரையில் எடை ஒரு கிலோவுக்கு மேல். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே? அதைப் பிளாஸ்டிக் போர்ட்டில் (ஹவுசிங்கின் முன்னால் கண்ணாடியைத் தாங்கும் பகுதி) தொங்கவிடக் கூடாது.

டிகிரியைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. இந்த லென்ஸ் எந்த மி.மீ. லென்ஸுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். மேலே சொன்ன டபிள்யூ.டபிள்யூ.எல்-1, 28 மி.மீ. லென்ஸோடு சேர்ந்தால்தான் 130 டிகிரி. அதன் தம்பி டபிள்யூ.டபிள்யூ.எல்-சி, 24 மி.மீ.-இல் தொடங்கும் சின்னக் கேமராக்களுக்கானது. இரண்டும் 130 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு எதையோ ஒன்றை வாங்கினால், அடுத்த கடிதக்காரரின் கதிதான்.

நீங்கள் ஏற்கெனவே எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும் நாலு மூலையும் கறுப்பு. என் கேமராவில் 24 முதல் 200 வரை ஜூம். என்ன செய்வது?

இதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில், லென்ஸ் 28-க்கானதா? அப்படியானால் 24-இல் மூலை கறுப்பது இயல்பு. கறுப்பு மறையும் வரை கொஞ்சம் ஜூம் செய்து, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். லென்ஸ் உள்ளபடி தர வேண்டிய கோணம் அதுதான், நீங்கள் எதையும் இழக்கவில்லை.

இரண்டாவது, தூரம். உங்கள் கேமராவில் 200 வரை ஜூம் என்றால், லென்ஸ் முழுதாக நீளும்போது இடிக்காமல் இருக்க ஹவுசிங் போர்ட்டும் நீளமாக இருக்கும். அகலக் கோணத்தில் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேமரா லென்ஸுக்கும் போர்ட் கண்ணாடிக்கும் நடுவே பெரிய வெற்றிடம். ஜன்னலிலிருந்து நாலடி பின்னால் நின்று தெருவைப் பார்க்கிற மாதிரிதான், சட்டம்தான் கண்ணில் படும். உங்கள் ஹவுசிங்குக்குக் குட்டைப் போர்ட் தனியாகக் கிடைத்தால் அதுதான் நிரந்தர மருந்து. அதைப் போட்டபின் 200 வரை ஜூம் போகாது. வைட் லென்ஸோடு அது தேவையும் இல்லை.

மூன்றாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டிருக்கிறீர்களா? 52 மி.மீ. மரையை 67 ஆக்கும் வளையம், அதன்மேல் பயோனெட் (மரையில்லாமல் திருப்பிப் பூட்டும்) வளையம், அதன்மேல் லென்ஸ் என்றால் ஒவ்வொன்றும் சில மி.மீ. தள்ளிவிடும். நேராக உங்கள் போர்ட்டுக்கே பொருந்தும் ஒற்றை அடாப்டரைத் தேடுங்கள்.

ஒரே ஒரு மூலை மட்டும், அதுவும் படத்துக்குப் படம் மாறி மாறிக் கறுத்தால் அது வேறு. கேமராவின் ஆட்டத் தடுப்பு வசதி உள்ளே லென்ஸையோ சென்சாரையோ நகர்த்துவதால் வருவது. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம். ஒரு பெரிய வாளித் தண்ணீரில் ஹவுசிங்கை முக்கி, வாளிக்கு உள்ளேயே ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். தரையில் வைத்துப் பார்ப்பது உதவாது. லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் கணக்கே மாறிவிடும்.

தரையில் பயன்படுத்தும் வைட் கன்வெர்ட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. மரை அளவும் சரியாக இருக்கிறது. அதையே மாட்டினால்?

வேண்டாம். கண்ணாடிக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி அதைச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் பட்ட பக்கத்தில் அதன் வளைக்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிடும். அதைவிட, உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறிவிடும். தரைக்கும் ஆகாது, கடலுக்கும் ஆகாது.

எனக்கு இருப்பது 67 மி.மீ. மரை வைத்த பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) ஹவுசிங். கூட டைவ் செய்பவர் பயோனெட் வாங்கு என்கிறார், கடைக்காரர் மடக்கிவிடும் ஃபிளிப் ஹோல்டர்தான் வசதி என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

கூட டைவ் செய்பவர் பேச்சை. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் என் மேசைக்கு வரும் உடைந்த போர்ட்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

67 மி.மீ. மரையின் சுற்று இடைவெளி வழக்கமாக 0.75 மி.மீ. ஒரு முழுச் சுற்று சுற்றினால் லென்ஸ் முக்கால் மி.மீ.தான் உள்ளே போகும். அவ்வளவு நெருக்கமான, ஆழமில்லாத மரை. கையுறை போட்ட கையோடு, அலை ஆட்டும்போது, கண்ணாடி முகமூடி வழியாகப் பார்த்துக்கொண்டு இதைச் சரியாகப் பிடிக்க வைப்பது பெரும்பாடு. கோணலாகப் பிடித்துக்கொண்டால், அது தெரியாமல் இறுக்கினால், லென்ஸின் அலுமினிய மரை போர்ட்டின் பிளாஸ்டிக் மரையைச் சீவிவிடும். போர்ட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்தாற்போல இருக்கும். அப்புறம் அந்த இடத்தில் எதுவும் நிற்காது. மரையில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், முதலில் லென்ஸை அழுத்தாமல் வைத்துப் பின்பக்கமாக, கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று இறங்கும். அதுதான் மரை தொடங்கும் இடம். அங்கிருந்து முன்பக்கம் சுற்றினால் கோணலாக ஏறாது.

பயோனெட்டில் இந்தச் சள்ளை இல்லை. குறியைக் குறியோடு சேர்த்து வைத்து, சிறு திருப்பு, பூட்டு விழும் சத்தம். அவ்வளவுதான். அதன் பலவீனம் அந்தப் பூட்டுதான். பூட்டுக் கொண்டிக்குப் பின்னால் மணல் சேர்ந்தால் அது முழுதாக வெளியே வராது. பூட்டியதுபோலவே இருக்கும், பூட்டியிருக்காது. அதனால் மாட்டியபின் கொண்டியைத் தொடாமல் லென்ஸை எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அசையக் கூடாது.

ஃபிளிப் ஹோல்டர் கெட்ட பொருள் இல்லை. இலேசான மேக்ரோ லென்ஸுக்கு அது நல்ல வசதி. கனமான வைட் லென்ஸை அதில் மாட்டினால் கீல் தளர்ந்து லென்ஸ் சரியும். நடு மையம் தவறினால் ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் மங்கும். மடக்கி வைத்திருக்கும்போது கனம் முழுக்க ஒரு பக்கமாக விழுந்து போர்ட்டை முறுக்கும். வைட் லென்ஸுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

இன்னொன்று. எந்த அடாப்டர் வாங்கினாலும், அது போர்ட் மரையை மட்டும் நம்பித் தொங்குகிறதா, ஹவுசிங் உடம்பையும் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் மேல். லென்ஸுக்குத் தண்ணீரில் எடை குறைந்துவிடும், அங்கே ஆபத்து குறைவு. படகின் தரையில், காரின் டிக்கியில், லென்ஸோடு ஹவுசிங்கைக் குப்புற வைக்கும்போதுதான் முழு எடையும் அந்தச் சின்ன வளையத்தில் இறங்குகிறது. பயணத்தின்போது லென்ஸைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள்.

அக்கா, போன சீசனில் லென்ஸ் தானாகக் கழன்று ஆழத்துக்குப் போய்விட்டது. அடாப்டரும் சேர்ந்தே போனது. புதிது வாங்கியிருக்கிறேன். இது போகாமல் இருக்க என்ன வழி? பசை வைத்து ஒட்டிவிடலாமா?

அடாப்டரும் சேர்ந்து போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் லென்ஸைக் கழற்றும்போதெல்லாம் அதே திசையில் அடாப்டரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியிருக்கிறீர்கள். படகு எஞ்சினின் அதிர்வு மிச்ச வேலையை முடித்திருக்கும். லென்ஸும் அடாப்டரும் இறுகப் பிடித்திருந்ததால் இரண்டும் ஒன்றாகப் போர்ட்டைவிட்டுப் போய்விட்டன.

பசை என்று நீங்கள் கேட்பது மரை பூட்டும் திரவமாக இருந்தால், பாலிகார்பனேட் ஹவுசிங்கில் அதை வைக்கவே கூடாது. அது உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கானது. பாலிகார்பனேட்டில் பட்டால் நுண்ணிய விரிசல் விடும். அந்த விரிசல் நீங்கள் இருபது மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது பெரிதாகலாம். லென்ஸைக் காப்பாற்றப் போய்க் கேமராவை மூழ்கடிப்பானேன்? பக்கவாட்டில் குட்டித் திருகு வைத்து இறுக்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. அதை வாங்குங்கள், அந்தத் திருகைத் தாங்கும்படி செய்த ஹவுசிங்கா என்று பார்த்துக்கொண்டு.

நான் எல்லோருக்கும் செய்துகொடுப்பது ஒரு வெள்ளைக் கோடு. பெயின்ட் பேனாவால், எல்லாம் சரியாக இறுகியிருக்கும் நிலையில், போர்ட் ஓரத்தில் தொடங்கி அடாப்டர் வழியாக லென்ஸ் விளிம்பு வரை ஒரே நேர்கோடு. எது நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். தண்ணீரில் குதிக்குமுன், இறங்கி ஐந்து மீட்டரில், லென்ஸ் மாற்றிய ஒவ்வொரு தடவையும், கண்ணால் ஒரு பார்வை.

அப்புறம் கயிறு. இதைப் பலர் கட்டுகிறார்கள், தப்பான இடத்தில் கட்டுகிறார்கள். லென்ஸின் முன்னால் இருக்கும் நிழல் மறைப்பில் கட்டாதீர்கள். அது பிளாஸ்டிக், கழன்றால் கயிறும் மறைப்பும் உங்கள் கையில் இருக்கும், லென்ஸ் இருக்காது. லென்ஸின் உலோக உடம்பில் கயிறு கோக்கும் இடம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் உடம்பைச் சுற்றி இறுக்கும் வளையம் ஒன்று போட்டு அதில் கட்டுங்கள். மறுமுனை அடாப்டருக்கு அல்ல, ஹவுசிங் தட்டுக்கோ கைப்பிடிக்கோ போக வேண்டும். நீளம், ஸ்ட்ரோப் கையில் இருக்கும் லென்ஸ் ஹோல்டரை எட்டும் அளவு. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். நீளக் கயிற்றில் ஆடும் லென்ஸ் பவளத்தை உடைக்கும், தன் கண்ணாடியையும் உடைத்துக்கொள்ளும்.

கயிறு இருக்கிறதே என்று கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கியபின் மேலே இருப்பவரைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், தூக்கும்போது லென்ஸைப் பிடிக்காமல் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லியும் வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் லென்ஸ் விழுந்தால் விட்டுவிடுங்கள். அது கண்ணாடிக் கட்டி, நீங்கள் திட்டமிட்ட ஆழத்தில் நிற்காது. அதன் பின்னால் போகக் கூடாது.

படத்தின் ஒரு ஓரத்தில் பிறை வடிவில் ஒரு மங்கல். லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை.

முன்பக்கம் துடைத்தால் போகாது. லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் காற்று மாட்டியிருக்கிறது, அதுதான் பிறை. ஹவுசிங்கைச் சாய்த்துப் பாருங்கள், பிறையும் நகரும். தண்ணீருக்குள் லென்ஸை ஒரு சுற்றுத் தளர்த்தி, காற்றுக்கு வழி விட்டு, போர்ட் கண்ணாடியையும் லென்ஸின் பின்கண்ணாடியையும் விரலால் தடவிவிட்டு மறுபடி பூட்டுங்கள். பயோனெட் என்றால் முழுக்கக் கழற்றியே தடவலாம். இறங்கிய முதல் சில நிமிடங்களில் கண்ணாடியில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டும், ஒருதரம் தடவினால் அடங்கிவிடும். படகில் பூட்டிக்கொண்டு இறங்குவதைவிடத் தண்ணீரில் மாட்டுவதே இதற்கு நல்லது. மரை வைத்த லென்ஸுக்கு அது சரிப்படாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எவ்வளவு முறுக்கியும் வரவில்லை. இடுக்கியால் பிடிக்கலாமா?

இடுக்கியை எடுத்த இடத்தில் வையுங்கள். வளையத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தால் அது முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். கையால் அழுத்திப் பிடித்து முறுக்குவதும் அதே தப்புதான்.

நடந்தது என்ன என்றால், மரைக்குள் நின்ற கடல்நீர் காய்ந்து உப்புப் படிகமாகிவிட்டது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். சூடு வேண்டாம். பிறகு வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை மேசையில் போட்டு, லென்ஸின் முன் விளிம்பு சுற்றிலும் சமமாகப் பதியும்படி ஹவுசிங்கைக் குப்புற வைத்து, மேலிருந்து லேசாக அழுத்தியபடி ஹவுசிங்கைத் திருப்புங்கள். லென்ஸ் டோம் வெளியே புடைத்திருந்தால் இது ஆகாது. அப்போது அகலமான ரப்பர் பட்டை ஒன்றை வளையத்தில் சுற்றி, விரல் எல்லாவற்றையும் சுற்றிப் பரப்பி வைத்துத் திருப்புங்கள். வரவில்லையா, மறுபடி ஊறப்போடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே எதையும் பாலிகார்பனேட் மேல் அடிக்காதீர்கள்.

அடுத்த தடவை ஒவ்வொரு டைவ் முடிந்ததும் லென்ஸ், அடாப்டர் இரண்டையும் தனித்தனியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள். மாட்டியபடியே முக்கினால் மரைக்குள் இருக்கும் உப்பு போகாது. உலோக மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு படலம், விரலில் பளபளப்பு தெரிந்தால் போதும்.

டோமில் கீறல் விழுந்துவிட்டது. லென்ஸ் போயிற்றா?

அக்ரிலிக் டோமா, கண்ணாடியா என்று நீங்கள் எழுதவில்லை. அக்ரிலிக் என்றால் மெல்லிய கீறல்கள் தண்ணீரில் பெரும்பாலும் மறைந்துவிடும், பள்ளத்தைத் தண்ணீரே நிரப்பிவிடுகிறது. ஆழமான கீறலைக்கூடப் படிப்படியாக மெருகேற்றி எடுக்கலாம். கண்ணாடி எளிதில் கீறாது, கீறினால் வீட்டில் சரிசெய்ய முடியாது. இரண்டுக்கும் பொது எதிரி சன் கிரீம். பூசிய கையோடு டோமைத் தொடாதீர்கள்.

நான் கடலுயிரியல் மாணவி. பவளத்திட்டு ஒன்றை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து முப்பரிமாண மாதிரி செய்கிறோம். வெட் லென்ஸ் போட்டால் பரப்பைச் சீக்கிரம் முடிக்கலாம் என்கிறார்கள். அளவுகள் கெட்டுவிடுமா?

சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மென்பொருள் எல்லாப் படங்களும் ஒரே கண்ணால் பார்த்தவை என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. நடுவில் லென்ஸைக் கழற்றி மாட்டினால், அது முன்பு உட்கார்ந்த இடத்தில் இம்மி பிசகாமல் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஜூமைத் தொட்டாலும் அப்படித்தான். எனவே லென்ஸை மாட்டி, குமிழியைத் தடவி எடுத்து, ஜூமையும் ஃபோகஸையும் நிலையாக நிறுத்தி, அந்தத் திட்டு முடியும்வரை எதையும் தொடாதீர்கள். அளவுகோலைத் திட்டின் நடுவில் மட்டும் அல்லாமல் ஓரங்களிலும் வையுங்கள். கேலிப்ரேஷன் (அளவு சரிபார்க்கும்) படங்களையும் இதே லென்ஸோடு தண்ணீருக்குள்ளேயே எடுக்க வேண்டும். தரையில் எடுத்தது செல்லாது. மீன்கண் லென்ஸைத் தவிருங்கள், 100 டிகிரி ரகம் போதும்.

வைட் லென்ஸ் மாட்டியதிலிருந்து படத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய நிழல். ஓரமும் கூர்மையாக இல்லை.

நிழல் உங்கள் கேமராவின் உள் ஃபிளாஷால் வருவது. லென்ஸ் அதை மறைக்கிறது. வெளி ஸ்ட்ரோப்தான் வழி. அதையும் லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் கையை நீட்டி விலக்கி, லென்ஸ் முகத்துக்குக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். ஓரக் கூர்மைக்கு அபெர்ச்சரைச் சுருக்குங்கள். ஒரு அங்குல சென்சாருக்கு எஃப் 5.6 முதல் 8 வரை வைத்துப் பாருங்கள்.

பாதி தண்ணீருக்கு மேல், பாதி கீழே என்று வெட் லென்ஸில் எடுக்க முடியுமா?

சிறிய டோமில் நீர்மட்டக் கோடு நிற்காது. அதோடு, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரும் பாதி வடிந்துவிடும். அதற்குப் பெரிய டோம் போர்ட்டே சரி.

பழைய லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே மூட்டமோ, சிலந்திவலை மாதிரி பூஞ்சையோ, நீர்த்துளி காய்ந்த வட்டமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் ஏறிய லென்ஸைத் திறந்து மூடி ஆழத்துக்கு அனுப்ப என்னைப் போன்றவர்களால் ஆகாது. வெளிப்பூச்சில் சின்னக் கீறல் இருந்தால் விலை பேசலாம். மரையில் நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டுங்கள், தடுக்கும் இடம் இருக்கிறதா என்று. பயோனெட் என்றால் உங்கள் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஒரே நிறுவனமே பல அளவில் பயோனெட் செய்கிறது, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலிருக்கும். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பின்மூடி தனியாகக் கிடைப்பது கஷ்டம்.